அண்ணா கேட்ட கேள்வியை மீண்டும் கேட்கிறேன்: சட்ட வரைவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலாளர் அவர்களும் வரைவாளர்கள் அனைவரும், சட்டமியற்றும் துறை, சட்டம் மற்றும் நீதி அமைச்சகம், சாஸ்திரி பவன், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் சிவில் வழக்குகளும் நுகர்வோர் வழக்குகளும் நடத்துகிற வழக்கறிஞர் நான். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவதைக் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதுதான் என் பிழைப்பில் பாதி. அந்தப் பாதியில் எனக்கு அதிகச் சங்கடம் தருவது லத்தீன் தொடர்களோ, ஒரு பக்கம் நீளும் வாக்கியங்களோ அல்ல. அவற்றை எப்படியாவது உடைத்துச் சொல்லிவிடலாம். உடைக்க முடியாதது ஒரு சின்ன ஆங்கில வினைச்சொல்: ஷால் (shall).

"முப்பது நாளைக்குள்ள அவங்க பதில் போடணும்னு சட்டத்துல இருக்குதா சார்?" என்று கேட்பார்கள். இருக்கிறது. "போடலைன்னா?" அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கும். அது எந்தச் சட்டம், எந்த இடத்து ஷால், எந்த ஆண்டுத் தீர்ப்பு என்பதைப் பொறுத்தது என்று உண்மையைச் சொன்னால், வக்கீல் வழுக்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். சட்டத்தில் "வேண்டும்" என்று இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுடைய நேரான கேள்வி. அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லாமல் போனதற்குக் காரணம் உங்கள் பேனா.

எனவே ஒரு வேண்டுகோள். இனி எழுதும் மசோதாக்களில் இந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். கூடவே இன்னொன்றும் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் சொல்லை மட்டும் மாற்றினால் ஒரு பயனும் இல்லை. அது என்ன என்பதைச் சொல்வதற்கு முன், இந்தச் சொல்லின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள். கொடுக்க வேண்டிய பணம் பாக்கி நிற்கிறது என்பதைச் சொல்ல எழுந்த வினை, மெல்ல மெல்லச் செய்ய வேண்டிய காரியம் பாக்கி நிற்கிறது என்று விரிந்தது. நமக்கு இது அந்நியமில்லை. தமிழில் கடன் என்ற ஒரே சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கும், ஆற்ற வேண்டிய கடமையையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ பணத்தின் பொருள் தேய்ந்து மறைந்தது. கடமையின் பொருளோடு வெறும் எதிர்காலப் பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டையும் பிரித்து வைக்க இலக்கணக்காரர்கள் படாத பாடு பட்டார்கள். 1653இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர், லத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு விதி வகுத்தார். தன்மையில் ஷால் என்றால் வெறும் எதிர்காலம், வில் (will) என்றால் உறுதி. முன்னிலையிலும் படர்க்கையிலும் அப்படியே தலைகீழ். நம் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்கள் வரை வந்து சேர்ந்த விதி இது. ஆற்றில் தவறி விழுந்த அயலூர்க்காரர் ஷாலையும் வில்லையும் இடம் மாற்றிக் கத்தியதால், "நான் மூழ்கியே தீருவேன், யாரும் என்னைக் காப்பாற்றக் கூடாது" என்று பொருளாகி, கரையில் நின்றவர்கள் மரியாதையாக வேடிக்கை பார்த்தார்கள் என்றொரு பழைய கதை உண்டு. பல தலைமுறை மாணவர்கள் அந்தக் கதைக்குச் சிரித்தார்கள். விதியைத்தான் யாரும் பின்பற்றவில்லை.

இன்றைக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் வீட்டுப் பேச்சில் இந்தச் சொல்லை அநேகமாக ஒரே இடத்தில்தான் சொல்கிறார்கள். "ஷால் வி கோ?" கிளம்பலாமா என்ற பணிவான அழைப்பு. அதே சொல்தான் 2023ஆம் ஆண்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவில் "ஷால் பி பனிஷ்ட் வித் டெத்" என்று வந்து நிற்கிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆவது பிரிவிலும் இதே தொடர்தான். காலனிய எச்சத்தைக் களைகிறோம் என்று சட்டத்தின் பெயரை மாற்றினீர்கள், பிரிவு எண்களை மாற்றினீர்கள். வினைச்சொல் மட்டும் வெள்ளைக்காரன் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

1611இல் வந்த ஆங்கில விவிலியத்தின் பத்துக் கட்டளைகளில் இந்தச் சொல் "ஷால்ட் நாட்" என்று இடியாய் ஒலிக்கும். தமிழ் விவிலியத்தில் அது "கொலை செய்யாதிருப்பாயாக" என்று ஆனது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் கைக்கொண்டது வியங்கோள். வாழ்த்துக்கும் சாபத்துக்கும் வேண்டுகோளுக்கும் ஏவலுக்கும் ஒன்றாகவே நிற்கும் வடிவம் அது. கடவுள் பேசும்போது கட்டளைக்கும் விருப்பத்துக்கும் வேறுபாடு பெரிதாகத் தேவைப்படாது. துணை வட்டாட்சியர் பேசும்போது தேவைப்படும்.

நம் அரசியல் சாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவில், இந்தியா அதாவது பாரதம் மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்ற இடத்தில் ஷால். அது யாருக்கும் இட்ட கட்டளை அல்ல, ஒரு அறிவிப்பு. 52ஆவது பிரிவில் இந்தியாவுக்கு ஒரு குடியரசுத் தலைவர் உண்டு என்பதற்கும் ஷால். 14ஆவது பிரிவில், சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற இடத்தில் அது உண்மையான தடை. 45ஆவது பிரிவின் பழைய வடிவத்தில், பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர 10 ஆண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்று இருந்தது. அங்கேயும் ஷால்தான். அந்த 10 ஆண்டு 1960இல் முடிந்தது. கல்வி உரிமை சாசனத்துக்குள் வந்தது 2002இல், 86ஆவது திருத்தத்தின் வழியாக. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் அமலுக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. முயல்வதாகச் சொன்ன ஷாலுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

இதற்கு நேரெதிராக 17ஆவது பிரிவைப் பாருங்கள். தீண்டாமை ஒழிக்கப்படுகிறது. எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது. அந்த முதல் வாக்கியத்தில் ஷால் கிடையாது, வெறும் நிகழ்காலம். இந்தச் சாசனத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. எதிர்காலத்துக்குத் தள்ளாமல், முயல்கிறோம் என்று மழுப்பாமல், படித்த கணத்திலேயே நடந்து முடிந்துவிடுகிற வாக்கியம். அப்படி எழுதத் தெரிந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலியில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி நீதிமன்றத்துக்கு வருகிறேன். எங்கள் பேச்சில் இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடும். மேண்டேட்டரி, டைரக்டரி. மீறினால் காரியமே செல்லாது என்றால் மேண்டேட்டரி. மீறினாலும் காரியம் செல்லும், செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றால் டைரக்டரி. இரண்டுக்கும் நீங்கள் எழுதுவது ஒரே சொல்.

1957இல் உத்தரப்பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஸ்ரீவத்சவா என்ற அரசு ஊழியருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சாசனத்தின் 320ஆவது பிரிவைப் பார்த்தது. ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற இடத்தில் ஷால் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அது டைரக்டரிதான், முறையாகக் கலந்தாலோசிக்காததால் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குத் துணை நின்றது, காலனிகளின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சிலின் 1917ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. அதன் சாரம் இது: பொதுக் கடமை ஒன்றை அதிகாரிகள் செய்யத் தவறியதற்காக எல்லாவற்றையும் செல்லாததாக்கினால், அந்தத் தவறில் பங்கே இல்லாத பொதுமக்கள்தான் பாதிக்கப்படுவார்கள், எனவே அத்தகைய விதிகளை டைரக்டரியாகக் கொள்ளலாம். நியாயமான தர்க்கம்தான். ஆனால் நடைமுறையில் அதன் விளைவைக் கவனியுங்கள். அரசு தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஷால் இளகிக்கொண்டே போகிறது, குடிமகனுக்கு விதித்த ஷால் இறுகிக்கொண்டே வருகிறது.

பிறகு பாபு ராம் உபாத்யாயா வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார். ஷால் என்று இருந்தால் முதல் பார்வையில் அது கட்டாயம்தான். ஆனால் சட்டத்தின் முழுப் போக்கையும் பார்த்து, சட்டமன்றத்தின் உண்மையான எண்ணம் என்ன என்பதை நீதிமன்றம் கண்டறியலாம். அந்த எண்ணத்தைக் கண்டறியும் வேலையைத்தான் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கிறோம். எண்ணம் உங்களுடையது. எழுதும்போதே சொல்லியிருக்கலாம்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 8ஆவது கட்டளை, 1ஆவது விதி. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பிரதிவாதி எதிருரை, அதாவது தன் தரப்புப் பதில், தாக்கல் செய்ய வேண்டும், காரணம் இருந்தால் 90 நாள் வரை நீட்டிக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று எழுதினீர்கள். வாய்தா வாங்கியே வழக்கை இழுப்பதைத் தடுப்பதுதான் நோக்கம். 2005இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 90 நாள் எல்லையும் டைரக்டரி என்றது. அதே ஆண்டு நம் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கிலும் அதே முடிவு. மூன்றே ஆண்டில் திருத்தத்தின் பல் பிடுங்கப்பட்டது. இன்றும் எங்கள் ஊர் நீதிமன்றங்களில் 90 நாளைத் தாண்டி, காஸ்ட் என்ற செலவுத்தொகையைக் கட்டி எதிருரை போடுவது அன்றாடக் காட்சி.

நுகர்வோர் சட்டத்தில் கதை வேறு விதமாகப் போனது. எதிர்தரப்பு 30 நாளுக்குள், மிஞ்சினால் மேலும் 15 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2002இல் ஒரே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகளிலிருந்து இரண்டு குரல்கள் வந்தன. டாப்லைன் ஷூஸ் வழக்கில் டைரக்டரி, ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் மேண்டேட்டரி. எது சரி என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு உட்கார்ந்து தீர்த்து வைத்தது 2020 மார்ச் 4 அன்று. 45 நாளுக்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்று. அதற்குள் அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2019ஆம் ஆண்டுச் சட்டமே நிறைவேறிவிட்டது. ஒரே ஒரு வினைச்சொல்லின் பொருளைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு ஆண்டுகள். அத்தனை காலமும் ஆணையங்களில் உட்கார்ந்திருந்த இரு தரப்பாரையும் நினைத்துப் பாருங்கள்.

சிவில் வழக்கில் 90 நாள் இளகியது, நுகர்வோர் வழக்கில் 45 நாள் இறுகியது. சொல் ஒன்றே. அப்படியானால் இறுக்குவது எது?

இதற்கு விடை உங்கள் துறையே எழுதிய இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் அதே 8ஆவது கட்டளையைப் பெரிய வணிக வழக்குகளுக்கு மட்டும் திருத்தியது. எல்லை 120 நாள் என்று சொன்னதோடு நிறுத்தாமல், அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையைப் பிரதிவாதி இழப்பார், நீதிமன்றம் அதைக் கோப்பில் ஏற்கக் கூடாது என்று அடுத்த அடியையும் எழுதியது. 2019இல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்று கொண்டது. சட்டமே விளைவைச் சொல்லிவிட்டபோது நீதிமன்றம் எண்ணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

பழைய ஆங்கிலத்துக் கடன் பொருளை நினைவுபடுத்தியது இதற்காகத்தான். வட்டியும் தவணைத் தேதியும் எழுதாத கடன் பத்திரத்தை வைத்துக்கொண்டு எந்தச் செட்டியாரும் தூங்கமாட்டார். நீங்கள் மட்டும் ஷால் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் பிறகு தகவலை இலவசமாகத் தர வேண்டும், தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் உண்டு என்றும் சொல்கிறது. தண்டம் எத்தனை பேருக்கு விழுகிறது என்பது வேறு கதை. ஆனால் வேறெந்தச் சட்டத்தின் ஷாலுக்கும் அசையாத மேசைகள், இந்த மனு வந்தால் மட்டும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வதை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். குற்ற வழக்கில் 60 நாள் அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2), இப்போது அதற்கு மாற்றாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆவது பிரிவு. அந்தத் தேதி நெருங்கும்போது காவல் நிலையத்தில் விளக்கு அணையாது. அதே சன்ஹிதாவின் 193ஆவது பிரிவில், புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிதாக, நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள். தெரிவிக்காவிட்டால்? சட்டம் வாய் திறக்கவில்லை. ஒரே சட்டத்தில், ஒரே 90 நாள், ஒரே வினைச்சொல். இரண்டில் எது நடக்கும் என்று எந்த ஏட்டையாவைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

தமிழ்நாட்டுக்காரன் இந்தச் சொல்லைப் பற்றி எழுதினால் 1963ஐத் தாண்டிப் போக முடியாது. ஆங்கிலம் ஆட்சிமொழியாகத் தொடர சாசனம் தந்த பதினைந்து ஆண்டு அவகாசம் 1965 ஜனவரி 26 அன்று முடியவிருந்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடர வழி செய்ய ஆட்சிமொழி மசோதா வந்தது. அதன் 3ஆவது பிரிவு, இந்தியோடு கூட ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. அந்த "லாம்" ஆங்கிலத்தில் மே (may). திமுக உறுப்பினர்கள் எழுந்தார்கள். "லாம்" என்றால் "படாமலும் போகலாம்" என்றும்தானே பொருள், ஷால் என்று எழுதுங்கள் என்றார்கள். பிரதமர் நேரு, இந்த இடத்தில் மே என்பதற்கும் ஷால் என்பதற்கும் ஒரே பொருள்தான் என்று உறுதி சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்றால் ஷால் என்றே எழுதிவிடுவதில் என்ன தடை என்று திருப்பிக் கேட்டார்கள். மாநிலங்களவையில் அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் அண்ணா. கேள்விக்குப் பதில் வரவில்லை. 1963இல் அந்தச் சொல் மாறாமலே மசோதா நிறைவேறியது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு மறைந்தார். வாக்குறுதி கொடுத்தவர் போய்விட்டார், சட்டத்தில் மிஞ்சியது "லாம்" மட்டும். 1965 ஜனவரியில் மதுரையில் பற்றிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டத்துக்குக் காரணம் ஒரு வினைச்சொல் மட்டும் என்று சொன்னால் உயிர் கொடுத்தவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் தில்லியின் சொல்லை நம்பலாமா என்ற சந்தேகத்துக்கு அந்தச் சொல் ஒரு கைப்பிடியைக் கொடுத்தது.

எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1963இல் ஷால் வேண்டும் என்று கேட்டபோது, ஷாலும் சில இடங்களில் "லாம்" போலவே இளகும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. கேட்ட சொல் கிடைத்திருந்தாலும் அது மட்டும் காப்பாற்றியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உண்மையான காப்பு வந்தது 1967ஆம் ஆண்டின் திருத்தத்தில், 1968 ஜனவரியில் சட்டமானபோது. 3ஆவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவைப் படியுங்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் போட்டு, அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போடும் வரை இந்த ஏற்பாடு அமலில் இருக்கும். ஷால் அங்கே உண்டு. ஆனால் பூட்டு அதில் இல்லை. பூட்டு அந்த நிபந்தனையில் இருக்கிறது. யார், எப்போது, எதைச் செய்தால்தான் இது மாறும் என்று எழுதப்பட்டிருக்கிறது. முதல் உட்பிரிவின் "லாம்" இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் அதைக் காட்டிப் பயமுறுத்த இன்று யாராலும் முடியாது.

ஆளுநர் விவகாரத்திலும் நாங்கள் பட்டது இதுதான். சாசனத்தின் 200ஆவது பிரிவில், மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தருவதாகவோ நிறுத்தி வைப்பதாகவோ குடியரசுத் தலைவருக்கு அனுப்புவதாகவோ அறிவிக்க வேண்டும் என்று ஷால் போட்டிருக்கிறது. எத்தனை நாளில் என்று இல்லை. திருப்பி அனுப்புவதற்கு மட்டும் "கூடிய விரைவில்" என்றிருக்கிறது. இதோடு தொடர்புடைய ஒரு பழைய செய்தி: குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, சாசனத்தின் வரைவில் ஆறு வாரம் என்று திட்டமான கெடு இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் அது எடுக்கப்பட்டு, கூடிய விரைவில் என்று ஆனது. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தமிழ்நாடு அரசின் வழக்கில், 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றும், இனி இத்தனை மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள், சாசனம் சொல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்று ஒன்றும் கிடையாது என்றார்கள். காரணமில்லாமல் நெடுநாள் சும்மா இருந்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் உத்தரவிடலாமாம். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. ஆனாலும் கெடு எழுதப்படவில்லை என்று நீதிபதிகள் சொல்வதில் பொய்யில்லை. எழுதப்படவில்லைதான்.

வேறு நாட்டு வரைவாளர்கள் இந்தச் சொல்லோடு என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்கா 1993ஆம் ஆண்டு இடைக்காலச் சாசனத்தில் ஷால் என்று எழுதியதை, 1996ஆம் ஆண்டுச் சாசனத்தில் மஸ்ட் (must) என்று மாற்றியது. அங்கே உரிமைகளை அரசு மதித்தே ஆக வேண்டும், காத்தே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவின் வரைவாளர்களும் மஸ்ட் பக்கம் போய்விட்டார்கள், பிரிட்டனும் ஷாலைத் தவிர்க்கிறது. கனடா வேறு வழி கண்டது. அந்நாட்டின் பொருள்கோள் சட்டத்தின் 11ஆவது பிரிவு, ஷால் என்றால் கட்டாயம், மே என்றால் அனுமதி என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நம் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டம் மாதம் என்றால் என்ன, மகன் என்றால் யார் என்றெல்லாம் விளக்குகிறது. அந்தப் பட்டியலில் ஷால் இல்லை.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். நூறாண்டுத் தீர்ப்புகள் இந்தச் சொல்லின் மீது நிற்கின்றன, அதைத் தொட்டால் புதுக் குழப்பம் வரும் என்பீர்கள். அமெரிக்கா அதற்கு உதாரணமும் தருகிறது. 2007இல் அங்கே கூட்டாட்சி சிவில் விதிகளை எளிமைப்படுத்தியபோது ஷாலை எல்லா இடத்திலும் களைந்தார்கள். 56ஆவது விதியில் அதற்குப் பதிலாக ஷுட் (should) என்று போட்டார்கள். அது பொருளை மெலிதாக்கிவிட்டது என்று வாதம் எழுந்து, 2010இல் அந்த ஓர் இடத்தில் ஷாலையே திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். எனவே அவசரப்பட்டு ஒவ்வொரு பழைய சட்டத்தையும் தோண்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. இனி எழுதுவதைப் பற்றித்தான் கேட்கிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் ஒரு புதிய சட்டத்தை எழுதினீர்கள். 819 பிரிவுகள் 536 ஆயின. 'நாட்வித்ஸ்டாண்டிங்' (வேறு விதி எதுவும் எப்படி இருந்தாலும்) என்ற முரட்டுச் சொல்லைக் கூட எளிதான தொடராக மாற்றினீர்கள். அவ்வளவு பெரிய வேலை நடந்தபோதும் ஷாலைத் தொடவில்லை.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. சட்டம் இறுகினால் ஏழைக்குத்தான் அடி, சம்மன் தாமதமாகக் கையில் கிடைத்த கிராமத்துப் பிரதிவாதிக்கு அந்த டைரக்டரிதானே உயிர் கொடுக்கிறது என்பது. ஒப்புக்கொள்கிறேன். நானே அப்படிப்பட்டவர்களுக்காக கைலாஷ் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறவன். ஆனால் நெகிழ்வு வேண்டும் என்றால் அதையும் எழுத்தில் வையுங்கள். இன்ன காரணங்களுக்கு, இத்தனை நாள் வரை, இந்தச் செலவுத்தொகையோடு நீட்டிக்கலாம் என்று எழுதினால், நல்ல வக்கீல் வைக்க முடிந்தவருக்குக் கிடைக்கும் அதே நீட்டிப்பு வைக்க முடியாதவருக்கும் கிடைக்கும். நெகிழ்வைத் தீர்ப்புத் தொகுதிகளுக்குள் ஒளித்து வைத்திருப்பதால் ஏழைக்கு லாபம் என்பதை நான் நம்பவில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியச் சட்டங்களின் தமிழ் வடிவங்களுக்கு 1973ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ வாசகங்கள் சட்டம் தகுதி தருகிறது. அவற்றை ஆக்குகிறவர்கள் ஒவ்வொரு ஷாலையும் பார்த்து, இது "வேண்டும்" ஆ, "ஆகும்" ஆ, "படும்" ஆ என்று தாங்களே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. "வேண்டும்" மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. மழை பெய்ய வேண்டும் என்பதில் அது ஏக்கம், வரி கட்ட வேண்டும் என்பதில் கட்டளை. மூலத்தில் குழப்பம் இருந்தால் மொழிபெயர்ப்பில் அது இரட்டிப்பாகிறது. மூலத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாக, செய்யாவிட்டால் இன்னது நடக்கும் என்று இருந்தால், எந்த மொழியில் எந்த வினைச்சொல்லைப் போட்டாலும் பொருள் தப்பாது.

ஆகவே நான் கேட்கும் அந்த இன்னொன்று இதுதான். கடமையை மஸ்ட் என்று எழுதுங்கள், அறிவிப்பை நிகழ்காலத்தில் எழுதுங்கள். கடமை விதிக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடுத்து, செய்யத் தவறினால் என்ன ஆகும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒன்றும் ஆகாது என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் அதையே எழுதுங்கள். "இந்தக் கெடுவைத் தாண்டியதால் மட்டும் எதுவும் செல்லாமல் போகாது" என்று. அப்படி எழுதும்போது அமைச்சருக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்றால், நான் தினமும் புழங்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவைச் சொல்வேன். அதன் இரண்டாவது உட்பிரிவு, பதில் தர எதிர்தரப்புக்கு 30 நாளும் மேற்கொண்டு 15 நாளும் தருகிறது. ஏழாவது உட்பிரிவு, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்துக்குள், புகாரை முடிக்க முயற்சி மேற்கொள்ளப்பட வேண்டும் என்கிறது. யார் முயல வேண்டும் என்பது கூட அந்த வாக்கியத்தில் இல்லை. கெடு தாண்டினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று மட்டும் இருக்கிறது, அதுவும் வழக்கை முடிக்கும் நாளில். அதை இப்படி மாற்றலாம்: ஆணையம் 3 மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால், அந்தக் கெடு முடிந்த ஏழு நாளுக்குள் காரணத்தையும் முடிவு சொல்லப்போகும் தேதியையும் எழுதி இரு தரப்புக்கும் கொடுத்து, மாநில ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும், அந்தத் தேதியும் தாண்டினால் புகார்தாரர் மாநில ஆணையத்திடம் நேரடியாக முறையிடலாம். இதைவிட நல்ல வாசகம் உங்களிடம் இருக்கும். உறுப்பினர் பதவிகளைக் காலியாக விட்டுவிட்டு ஆணையத்தை மட்டும் விரட்டுவது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பதவிகளை எத்தனை நாளுக்குள் நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே பிரிவுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்

நகல்: செயலாளர், சட்டத் துறை, தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை. 1891ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. மாநிலச் சட்டங்களுக்குக் கனடாவின் அந்த ஒரு வரியை அதில் சேர்க்க நீங்கள் தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சட்டமன்றக் கூட்டத் தொடருக்கு என்னென்ன மசோதாக்கள் தயாராகின்றனவோ, அவற்றில் ஒன்றிலாவது கெடுவுக்குப் பக்கத்தில் விளைவையும் எழுதிப் பாருங்கள்.